தாளாளருக்கு விழுந்த மார்க்

பள்ளிக்கூடத்துத் தாளாளருக்கே முட்டை மார்க் போட்டு, பெற்றோரைக் கூட்டி வரச் சொன்ன டீச்சர் இந்தப் பூமியில் ஒருத்திதான். அதுவும் சும்மா முட்டையில்லை. தாளின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடிகிற முட்டை. அதைப் பார்த்துப் பள்ளிக் கட்டடத்தின் மூன்று மாடியும் ஒரு தடவை குலுங்கி நின்றன என்று சொன்னால்... சரி, குலுங்கவில்லை. கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். முட்டையும் முட்டையில்லை, இருபதுக்கு நாலு. கதை சொல்கிற வாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். பெற்றோரைக் கூட்டி வரச் சொன்னது மட்டும் சத்தியம்.

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் ‘சிவப்பு மை’. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் மொழிப்பாடம் அவர்தான். கையில் சிவப்புப் பேனா இருந்துவிட்டால் எதிரே வருகிற எழுத்து எதுவானாலும் திருத்திவிடுகிற கை அது. மருந்துக் கடைப் பலகையைத் திருத்தியிருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் நீட்டிய வாடகை ஒப்பந்தத்தைத் திருத்தியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் கணவர் எழுதிய முதல் கடிதத்தைத் திருத்தி, பத்துக்கு ஆறரை போட்டுத் திருப்பி அனுப்பியதாக ஒரு பேச்சு உண்டு. கணவர் அதை மறுப்பதில்லை. “பாஸ் பண்ணிட்டேன்ல, அது போதும்” என்பார்.

டீச்சர் அந்தப் பள்ளியில் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. பதினொரு வருஷமும் தற்காலிகம். வருஷத்துக்கு ஒரு நியமனக் கடிதம் வரும், அதன் ஆயுள் பத்து மாதம். பெரிய லீவு விட்டதும் கடிதத்தின் உயிர் போய்விடும். அந்த இரண்டு மாதமும் அவர் டீச்சர் இல்லை, தெருவில் போகிற யாரோ ஒரு அம்மாள். பள்ளி திறக்கிற அன்று மறுபடி டீச்சர். அந்த இரண்டு மாதமும் கணவர் பஸ் டிப்போவில் இரட்டை ஷிப்ட் பார்ப்பார். டயர் கழற்றி மாட்டுகிற வேலை. லீவு முடிகிறபோது பிள்ளைகள் ஒரு அங்குலம் வளர்ந்து வருவார்கள். அவர் முதுகு ஒரு அங்குலம் வளைந்திருக்கும்.

இந்த வேலைக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்குத் தாளாளராக இருந்தவர் இப்போதைய தாளாளரின் அப்பா. பள்ளியைத் தொடங்கியவர். நேர்காணலுக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஏன் இந்த வேலைக்கு வருகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார் அந்தப் பெரியவர். எட்டுப் பேரும் சேவை என்றார்கள். ஒன்பதாவதாக இவர் போனார்.

“நீ ஏம்மா வர்றே?”

“சம்பளத்துக்குங்க.”

“மத்தவங்கல்லாம் சேவைக்குன்னு சொன்னாங்களே?”

“அவங்களும் சம்பளத்துக்குத்தாங்க. எனக்குச் சுத்தி வளைச்சுச் சொல்ல நேரமில்ல. நாலரை பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான்.”

பெரியவர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் உருண்டு விழுந்து உடைந்ததாம். வேலை இவருக்குக் கிடைத்தது. உடைந்த தம்ளரைச் சம்பளத்தில் பிடிக்கவுமில்லை.

மகன் வந்தார், காற்று மாறியது. அவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். தேர்வில் மீந்துபோன வெற்று விடைத்தாள்களைக்கூட வீணாக்க மாட்டார். அலுவலகத்தில் எந்தக் கடிதத்துக்கும் அதே தாள்தான். கணக்கு எழுதவும் அதே தாள், அவர் பேச்சு எழுதவும் அதே தாள். மேலே ‘பெயர், வகுப்பு, எண்’ என்று அச்சடித்த கோடுகள் காலியாக இருக்கும், கீழே “அன்புடையீர்” என்று தொடங்கும். ஆனால் ஒரு பொருளை மட்டும் அவர் அள்ளி அள்ளிக் கொடுப்பார்: பாராட்டு. “நீங்கல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்றவங்களா? தியாகிங்க!” என்று கைகூப்புவார். அவர் கைகூப்பினாலே ஆசிரியர் அறையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஏதோ பறிபோகப் போகிறது என்று பொருள்.

அந்த வருஷம் அப்படித்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாதம் முதல் எல்லாச் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு. ஊதியம் பற்றி ஒரு சொல் இல்லை. ‘மாணவர் நலனே தம் நலன் என்று கருதும் நம் ஆசிரியர்கள் இதை மனமுவந்து ஏற்பார்கள் என்று அறிவேன்’ என்று முடிந்திருந்தது.

டீச்சருக்குக் கோபம் உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலைக்கு ஏறியது. தலைமையாசிரியை அறைக்கு ஒரே நடையில் போனார்.

“மனமுவந்துன்னு இவர் எப்படி மேடம் அறிவார்? யார் மனசை எப்ப வந்து பார்த்தார்? ஒரு நாள் உழைப்பைக் கேக்கணும்னா நேராக் கேக்கட்டும். கூலி குடுக்க முடியலேன்னா அதையாவது நேராச் சொல்லட்டும். எடுக்கறதையும் எடுத்துட்டு நாமளே குடுத்தோம்னு வேற எழுதறாரே!”

தலைமையாசிரியை கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி, பயந்த மனுஷி. மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர்.

“கத்தாதே. காதைக் குடு. உன் நிரந்தர ஆணை டைப் ஆகி அவர் மேசை டிராயர்ல இருக்கு. இந்த வருஷம் ஒரே ஒரு இடம். அது உனக்குத்தான். ஆண்டு விழா மேடையில உன் கையில குடுக்கப் போறார். இன்னும் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வாயில பூட்டுப் போட்டுக்கோ.”

டீச்சர் வாயை மூடினார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். அவர் தரையில் படுத்து முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தார். “அப்போ இந்த லீவுக்கு ஒத்த ஷிப்ட் போதும்” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபடி டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பல்லைக் கடிக்கலாம், பேனாவைக் கடிக்க முடியாதே. அரையாண்டுத் தேர்வு நடந்தது. உயர் வகுப்புகளுக்கெல்லாம் ஒரே கட்டுரைத் தலைப்பு, தாளாளரே கொடுத்தது: ‘ஆசிரியர் பணி பொருளுக்கா, அறத்துக்கா?’ ஆண்டு விழாவில் அதே தலைப்பில் அவர் பேசப் போகிறார், பிள்ளைகள் எழுதியதில் நல்ல வரிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். அதற்குள் அவரும் தன் பேச்சை எழுதி முடித்திருந்தார். எந்தத் தாளில்? அதே விடைத்தாளில். எழுதியதை டைப் செய்யச் சொல்லி எழுத்தரின் மேசையில் வைத்தார். எழுத்தர் டீ குடிக்கப் போனார். தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கட்டுகிற பியூன் வந்தார், மேசையில் ஒரு விடைத்தாள் கிடந்தது, ‘யாரோ ஒரு பிள்ளையோடது உதிர்ந்துபோச்சு’ என்று ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக் கட்டில் சொருகி, சணல் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள்.

டீச்சர் விடைத்தாள் திருத்துகிற இடம் இஸ்திரிப் பலகை. வீட்டில் ஒரே மேசை, அதில் மகள் படிப்பாள். உட்கார்ந்து திருத்தினால் தூக்கம் வரும். அதனால் பலகையை இடுப்பளவுக்கு உயர்த்தி வைத்து, நின்றபடியே திருத்துவார். சனிக்கிழமை காலையில் தொடங்கினார்.

ஒரே தலைப்பில் எண்பத்தாறு கட்டுரை படிப்பது என்றால் சும்மாவா? எண்பது பேரின் டீச்சர் மெழுகுவர்த்தி. மிச்சப் பேருக்கு ஏணி, தோணி. ‘கொசு’ என்று வகுப்பில் பேர் எடுத்த ஒரு குட்டிப் பெண் மட்டும் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். ‘எங்கள் டீச்சர் பணத்துக்காக வரவில்லை. பணம் வாங்கியிருந்தால் நல்ல செருப்பு போட்டிருப்பார்.’

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் வாசலில் கிடந்த தன் செருப்பைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வார் அறுந்த இடத்தில் கணவர் டிப்போக் கம்பியால் முறுக்கிக் கொடுத்திருந்தார். கொசுவுக்கு ஆறு மார்க் விழுந்தது. ஏழு எடுத்தால் தேர்ச்சி. உண்மை எழுதினாள் என்பதற்காக அரைப் பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்க முடியாது.

அடுத்த தாளை எடுத்தார். பெயர் இல்லை, எண் இல்லை. ‘பெயர் எங்கே?’ என்று மேலே எழுதினார். முதல் வரி: ‘ஆசிரியர் என்பவர் தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி.’

“அய்யோ, இன்னொண்ணா!” என்று டீச்சர் போட்ட சத்தத்தில் மகள் படிப்பை விட்டு ஓடி வந்தாள்.

“என்னம்மா?”

“எவனோ சேட்டைக்காரன். காப்பி அடிக்கறதுதான் அடிக்கறான், பேராவது போடறானா பாரு.”

இத்தனை நாள் பூட்டி வைத்த வாய். அத்தனையும் அந்தத் தாளில் இறங்கியது. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ‘உருகி முடிந்தபின் வேறு திரி வாங்கிக்கொள்வதாக உத்தேசமா?’ என்று எழுதினார். ‘உண்மையான ஆசிரியர் ஊதியத்தைப் பொருட்படுத்துவதில்லை’ என்ற வரிக்கு, ‘யார்? பெயர் தருக. அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாயா?’ ‘நம் நிறுவனத்தில்’ என்ற சொல்லைச் சுழித்து, ‘நிறுவனம் அன்று, பள்ளி’. ‘சனிக்கிழமைகளிலும் மனமுவந்து வருகிறார்கள்’ என்பதன் குறுக்கே ஒரே கோடு. ‘தவறான தகவல்.’

முன்னுரைக்கு, பொருளுக்கு, சான்றுக்கு, நடைக்கு, கையெழுத்துக்கு என்று ஓரத்தில் வரிசையாக மார்க் போட்டார். கூட்டி, நாலு என்று வட்டம் போட்டார். கீழே எழுதினார்: ‘பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்திருக்கிறாய். சொந்த அனுபவம் ஒரு வரிகூட இல்லை. உழைத்தவரின் பேச்சு போல் இல்லை. கையெழுத்து அழகு. திங்களன்று பெற்றோரை அழைத்து வரவும்.’

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் தாள்களைக் கொடுத்தார். கொசு தன் தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“டீச்சர், ஒரே ஒரு மார்க் போடுங்க டீச்சர். பாஸாயிடுவேன். எங்கம்மா பேசாம இருந்தே கொல்லுவாங்க.”

“கேட்டு வாங்கினா அது மார்க் இல்லடி, பிச்சை. நான் பிச்சை போடறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல. மத்தியானம் சாப்பிட்டதும் நோட்டோட வா. எங்க கோட்டை விட்டேன்னு சொல்லித் தர்றேன். அடுத்த பரீட்சையில நீயே எடுப்பே அந்த ஒண்ணை.”

கடைசியில் ஒரு தாள் கையில் மிஞ்சியது. “இது யாரோடது? மரியாதையா எழுந்திரு.” ஒருவரும் எழவில்லை. நாற்பத்து மூன்று தலைகளும் ஒன்றையொன்று பார்த்தன. “சரி. சொந்தக்காரர் வெட்கப்படறார் போல. கட்டுரை எப்படி எழுதக் கூடாதுன்னு எல்லாரும் கேட்டுக்கோங்க.”

டீச்சர் படித்தார். சும்மா படிக்கவில்லை, மேடைக் குரலில், கையை நீட்டி, இடையிடையே கைகூப்பிப் படித்தார். “தன்னை... உருக்கி...” என்று இழுத்தபோது முன் வரிசை சிரித்தது. சிவப்பு மைக் குறிப்புகளைப் படித்தபோது பின் வரிசை மேசையைத் தட்டியது. “தவறான தகவல்!” என்று டீச்சர் சொல்ல, “தவறான தகவல்!” என்று வகுப்பே திருப்பிச் சொன்னது.

அந்த நேரம்தான் தாளாளர் காலைச் சுற்று வருகிற நேரம். தாழ்வாரத்தில், ஒன்பது ‘பி’யின் ஜன்னல் ஓரம், அவர் நின்றுவிட்டார். தன் பேச்சு கைதட்டலோடு அரங்கேறும் என்று அவர் நினைத்ததுண்டு. இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கைதட்டலோடு என்று நினைக்கவில்லை. காதுமடல் இரண்டும் டீச்சரின் மையை விடச் சிவந்தன. உள்ளே வரவில்லை, விறுவிறுவென்று போய்விட்டார். கொசு மட்டும் பார்த்தாள். “டீச்சர், ஓனர் வந்தார், ஓடிட்டார்” என்றாள். “ஓடட்டும்” என்றார் டீச்சர்.

மதிய இடைவேளைக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது பியூன் வந்தார். “டீச்சர், ஆபீஸ்ல கூப்பிடறாங்க. அந்த மிஞ்சின பேப்பரையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.” அவர் முகத்தில் ரத்தம் இல்லை. டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அழகான, முதிர்ந்த, வளைவுகள் பழுத்த கையெழுத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எதுவும் அப்படி எழுதாது. சுற்றறிக்கையின் அடியில் வருஷக்கணக்காகப் பார்த்த அதே வளைவு.

அலுவலகத்தில் தாளாளர் நாற்காலியில் இருந்தார். பின்னால் சுவரில் அவர் அப்பாவின் படம். பக்கத்தில் தலைமையாசிரியை, கைக்குட்டையைக் கசக்கியபடி. ஓர மேசையில் எழுத்தர். இருபது வருஷமாக மதிப்பெண் பதிவேடு எழுதுகிறவர். ஆள் இருப்பதே தெரியாது.

தாளாளர் தாளை வாங்கினார். மெதுவாகப் படித்தார். ஒவ்வொரு சிவப்பு வரியாக.

“எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரணுமா டீச்சர்?”

டீச்சர் தாளின் மேல் ஓரத்தைக் காட்டினார். “பிள்ளைங்க எழுதினதுன்னு நெனச்சுட்டேன் சார். பேர் போடல.”

“பாத்தீங்களா சார்!” தலைமையாசிரியை பாய்ந்தார். “தெரியாம நடந்தது. தெரிஞ்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்பாங்களா?”

“தெரிஞ்சிருந்தா இன்னும் கவனமாத் திருத்தியிருப்பேன்” என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார், தன் வாயை.

தாளாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நிரந்தர ஆணை. டீச்சரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. தாளாளரின் கையெழுத்து விழ வேண்டிய இடம் மட்டும் காலி.

“நான் பெரிய மனசுக்காரன். இந்தப் பேப்பர்ல அந்த நாலை அடிச்சுட்டு ‘மிக நன்று’ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. விழா மலர்ல அப்படியே அச்சடிக்கலாம், ஆசிரியரே பாராட்டிய உரைன்னு. நீங்க அதுல கையெழுத்துப் போடுங்க, நான் இதுல போடறேன். சரியாப் போச்சு.”

சிவப்புப் பேனா டீச்சரின் கையில்தான் இருந்தது. மூடியைக் கழற்றினார். கழற்றவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் கழற்றினார். கண்ணுக்குள் ஒரு முதுகு தெரிந்தது. வெந்நீர்ப் பை, சுவர்ப் பக்கம் திரும்பிய முகம். ஒத்த ஷிப்ட் போதும். ஒரு கோடு, இரண்டு சொல், ஒரு கையெழுத்து. யாருக்கு என்ன நஷ்டம்? பேனாவின் முனை நாலின் மேல் போய் நின்றது.

மணி அடித்தது. மதிய இடைவேளை. பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடுகிற சத்தம். அலுவலகத்துக்கு அரைக்கதவுதான், அதன் கீழே இரண்டு குட்டிக் கால்கள் வந்து நின்றன. ஒரு கால் மற்றதைச் சொறிந்தது. நோட்டின் ஓரம் தெரிந்தது. கொசு சாப்பிடாமலே வந்துவிட்டாள்.

டீச்சர் அந்தக் கால்களையே பார்த்தார். கோபம் வந்தது. முதலில் தன் மேல் வந்தது, அப்புறம்தான் எதிரே இருந்தவர் மேல். பேனாவை மூடினார்.

“காலையில ஒரு பொண்ணு ஒரு மார்க் கேட்டா சார். இல்லேன்னுட்டேன். அவளுக்கு இல்லாத மார்க் உங்களுக்கு மட்டும் எங்கேருந்து வரும்?”

“டீச்சர், உங்களை நான் தியாகின்னு நெனச்சேன். கடைசியில நீங்களும் பணம், பதவி, ஆர்டர்னுதான் பாக்கறீங்க, இல்ல?”

“ஆமா சார், பாக்கறேன்!” பத்து நாள் பூட்டு மட்டுமா, பதினொரு வருஷப் பூட்டே உடைந்தது. “சம்பளத்துக்குத்தான் வந்தேன். உங்கப்பா முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் வந்தேன். அவர் படத்தைக் கேளுங்க. உங்க வண்டி ஓட்டறாரே டிரைவர், அவர் சம்பளத்துக்காக பிரேக் போடறாரா, உங்க மேல உள்ள பாசத்துல போடறாரா? என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? பிரேக் விழுந்தா போதும்னு பின்னாடி சாஞ்சு தூங்கறீங்கல்ல? எங்களை மட்டும் ஏன் சார் நெஞ்சைப் பிளந்து காட்டச் சொல்றீங்க? எனக்கு சம்பளமும் வேணும், அந்தப் பொண்ணு பாஸாகவும் வேணும். ரெண்டும் ஒரே வயித்துல இருக்கக் கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு? பிள்ளைங்க மேல எனக்கிருக்கிற அக்கறையைக் காட்டி என்கிட்டயே திருடறீங்களே, அதுக்குப் பேரு அறமா?”

அரைக்கதவுக்குக் கீழே இருந்த கால்கள் ஆடாமல் நின்றன. தலைமையாசிரியை கண்ணை மூடியிருந்தார்.

தாளாளர் ஆணையை எடுத்து மடித்து டிராயருக்குள் போட்டு மூடினார். சாவியைத் திருப்பினார். “சரி. மேடையில வேற யாருக்காவது குடுத்துக்கறேன். உங்களுக்கு எப்பவும் போல பத்து மாசக் கடிதம். அதுவும் மொழிப்பாடத்துக்கு வேற ஆள் கிடைக்காததால. சனிக்கிழமை?”

“கூலி வந்தா நானும் வருவேன்.”

“போகலாம்.”

டீச்சர் திரும்பினார். இரட்டை ஷிப்ட் என்று வீட்டில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் முதுகு நேராகத்தான் இருந்தது.

தாளாளருக்கு ஆறவில்லை. ஜெயித்தவர் அவர்தான், ஆனாலும் அந்த நேரான முதுகு அவரை உறுத்தியது. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“பெரிய நியாயம் பேசறீங்களே, இந்த லட்சணத்துல திருத்தினது சரின்னு எப்படி நம்பறது? தூக்கக் கலக்கத்துல போட்ட மார்க்குதானே? எந்தப் பையனுக்கும் மறுகூட்டல் கேக்க உரிமை உண்டுல்ல? நானும் கேக்கறேன். கூட்டுங்க!”

டீச்சர் கதவில் கை வைத்தபடி நின்றார். “தாராளமா கூட்டிப் பாருங்க சார். பதினொரு வருஷத்துல என் கூட்டல் ஒரு தடவை தப்பினதில்ல.”

தாளாளர் தாளை ஓர மேசைக்கு வீசினார். எழுத்தர் அதை நேராக்கினார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பென்சிலை எடுத்து, இருபது வருஷப் பழக்கத்தில் ஓரத்து மார்க்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். “முன்னுரை அரை. பொருள் அரை, ஒண்ணு. சான்று பூஜ்யம். நடை அரை, ஒண்ணரை. கையெழுத்து ஒண்ணரை...” பென்சில் நின்றது. மறுபடி மேலிருந்து கீழே வந்தது. அவர் தலையைத் தூக்கி முதலில் தாளாளரைப் பார்த்தார், பிறகு டீச்சரை.

“மன்னிக்கணும் டீச்சர்,” என்றார் எழுத்தர். “ஒரு மார்க் கூடப் போட்டுட்டீங்க. மூணுதான்.”